வௌவால் சட்டை

வாரில்லாத செருப்பைப் போட்டுக்கொண்டு படியிறங்குகிறவர்கள் என்றாவது ஒருநாள் விழுவார்கள் என்று நான் பலரிடம் சொல்லியிருக்கிறேன். கேட்டவர்களில் யாரும் விழவில்லை. நான்தான் விழுந்தேன். அதுவும் செருப்பின் வாரைக் குனிந்து மாட்டிக்கொண்டிருந்தபோது.

ஜெலுத்தோங்கில் எங்கள் அடுக்குமாடிக் கட்டடத்தின் லிஃப்ட் அன்று காலை வேலை செய்யவில்லை. இரவு பெய்த மழையில் படிக்கட்டு நனைந்து கிடந்தது. நான் துறைமுகத்துக்குப் பக்கத்தில் ஒரு சரக்கு அனுப்பும் அலுவலகத்தில் கிராணியாக, அதாவது குமாஸ்தாவாக, இருக்கிறேன். பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டதே என்று கதவைப் பூட்டிக்கொண்டு ஓடிவந்தவள், இடது செருப்பின் வார் மாட்டாமல் தொங்குவதைப் பார்த்தேன். அப்படியே இறங்கியிருந்தால் ஒன்றும் ஆகியிருக்காது. ஆனால் வார் தொங்க நடப்பது எனக்குப் பிடிக்காது. படியிலேயே நின்று, ஒற்றைக் காலைத் தூக்கிக் குனிந்தேன். கம்பி ஓட்டைக்குள் நுழைந்தது. அடுத்து எனக்கு ஞாபகமிருப்பது, படிக்கட்டின் திருப்பத்தில் முகம் தரையைப் பார்க்கக் கிடந்ததுதான்.

இரண்டு கைகளையும் ஊன்றி விழுந்ததால் இரண்டு மணிக்கட்டும் முறிந்துபோயின. செருப்புக்கு ஒரு கீறல்கூட இல்லை. மாட்டிய வார் மாட்டியபடியே இருந்தது. ஆஸ்பத்திரியில் தாதி அதைக் கழற்றும்போது, "நல்லா டைட்டா போட்டிருக்கீங்க அக்கா" என்று பாராட்டினார்.

முழங்கைக்குக் கீழே தொடங்கி விரல்களின் அடிவரை இரண்டு கைகளிலும் மாவுக்கட்டு. விரல் நுனிகள் மட்டும் வெளியே நீட்டிக்கொண்டிருந்தன. அவற்றால் எதையாவது தொடலாம்; பிடிக்க முடியாது. நீண்ட எம்.சி., அதாவது மருத்துவ விடுப்பு, எழுதிக் கொடுத்தார்கள். வீட்டுக்கு வந்து அலமாரியைத் திறந்து பார்த்தபோதுதான், இத்தனை ஆண்டுகளாக நான் சேர்த்து வைத்திருந்தது துணிகளை அல்ல, பூட்டுகளை என்று தெரிந்தது. ரவிக்கைக்குக் கொக்கி, பாவாடைக்கு நாடா, சேலைக்கு ஊக்கு, பஞ்சாபி சூட்டுக்கு முதுகில் ஸிப், அதன் கால்சட்டைக்கு இன்னொரு நாடா. சட்டைகளுக்கெல்லாம் பொத்தான். ஒழுங்காக உடுத்துகிறவள் என்று அலுவலகத்தில் எனக்கு ஒரு பெயர் உண்டு. அந்தப் பெயரை இனி யார் மாட்டிவிடுவது?

மகள் கோலாலம்பூரில் வேலையாக இருக்கிறாள். வீட்டில் நானும் என் கணவரும் மட்டும்தான். அவர் மாக் மண்டினில் ஒரு அட்டைப்பெட்டித் தொழிற்சாலையில் இயந்திரங்களைப் பழுதுபார்ப்பவர். தினமும் மோட்டார் சைக்கிளோடு ஃபெர்ரி ஏறி, கடல் கடந்து அக்கரைக்குப் போய் வருவார். பொறுமைசாலி. எந்த இயந்திரத்தையும் பிரித்து மாட்டிவிடுவார். ஆனால் என் ரவிக்கையின் கொக்கி எந்தப் பக்கம் இருக்கிறது என்று அவர் அதுவரை வெளிச்சத்தில் பார்த்ததில்லை என்பது மறுநாள் காலையில் தெரியவந்தது.

"இதுக்குப் பேர் என்னா?"

"கொக்கி."

"எவ்ளோ சின்னதா இருக்கு. இத ஏன் இவ்ளோ சின்னதா செய்றானுங்க?"

வியர்த்துக்கொட்ட நின்றார். கடைசியில் ரவிக்கையைக் கைவிட்டு, பஞ்சாபி சூட்டுக்கு வந்தோம். கட்டுப்போட்ட கை அதன் கைக்குள் நுழையவில்லை. கத்தரியை எடுத்து இரண்டு கைகளையும் தோள்வரை வெட்டினார். நல்ல துணி. பிறகு கால்சட்டையின் நாடாவைக் கட்டினார். வேலை நேரத்தில் எது அவிழ்ந்தாலும் ஆபத்து என்று பழகிய மனிதர். இரண்டு சுற்றுச் சுற்றி, உள்ளே ஒரு முடிச்சும் வெளியே ஒரு முடிச்சும் போட்டு, இழுத்துப் பார்த்துத் திருப்தியடைந்தார்.

"இனி அவுராது," என்று சொல்லிவிட்டு ஃபெர்ரிக்குக் கிளம்பினார்.

அவர் சொன்னது உண்மை. அன்று முற்பகலில் எனக்குக் கழிவறைக்குப் போகவேண்டியிருந்தபோது அந்த முடிச்சு அவிழவே இல்லை. விரல் நுனிகளால் நெருடினேன். மேசை விளிம்பில் மாட்டி இழுத்துப் பார்த்தேன். நாற்காலியின் முதுகில் தேய்த்துப் பார்த்தேன். அவருக்குப் போன் செய்து என்ன பயன்? அவர் கடலுக்கு அந்தப் பக்கம் இருந்தார். கடைசியில் கதவின் தாழ்ப்பாளை முழங்கையால் தள்ளிக்கொண்டு வெளியே வந்து, பக்கத்து வீட்டுச் சீன ஆன்ட்டியின் இரும்புக் கதவை மாவுக்கட்டாலேயே தட்டினேன்.

ஆன்ட்டி என்னை மேலும் கீழும் பார்த்தார். கை வெட்டப்பட்ட சட்டையையும், நான் நின்ற நிலையையும் பார்த்ததும் அவருக்கு எல்லாம் விளங்கிவிட்டது. சமையலறையிலிருந்து கோழி வெட்டும் கத்தரியோடு வந்தார். முடிச்சைப் பார்த்து, "ஐயோ, சியாப்பா இக்காட்?" என்றார். யார் கட்டியது என்று மலாயில் கேட்கிறார்.

"சுவாமி," என்றேன். கணவர்.

ஒரே வெட்டு.

அன்று மாலை என் கணவர் தன் அக்காவுக்குப் போன் செய்தார். நான் வேண்டாம் என்றுதான் சொன்னேன்.

என் கணவரின் அக்காவை நான் அண்ணி என்றுதான் கூப்பிடுவேன். டத்தோ கிராமாட்டில் இருக்கிறார். எனக்கும் அவருக்கும் சண்டை என்று எதுவும் கிடையாது. உடை விஷயத்தில் மட்டும் நீண்ட காலமாக ஒரு பனிப்போர். அண்ணி காலையில் எழுந்ததிலிருந்து படுக்கும்வரை பாஜு கெலாவார்தான் போடுவார். கழுத்துக்கு ஓர் ஓட்டை, கைக்கு இரண்டு, மற்றபடி ஒரே துணிப் பரப்பு. மலாயில் கெலாவார் என்றால் வௌவால். கையை விரித்தால் அப்படித்தான் இருக்கும். சிலர் அதைக் கஃப்தான் என்று கௌரவமாகச் சொல்வார்கள். அண்ணி அதைப் போட்டுக்கொண்டு பாசாருக்கு மீன் வாங்கப் போவார், பேங்குக்குப் போவார், ஒருமுறை எங்கள் அலுவலகத்துக்கே வந்திருக்கிறார். ஒவ்வொரு தீபாவளிக்கும் நான் அவருக்கு ஒரு சேலை கொடுப்பேன். அவர் எனக்கு ஒரு கெலாவார் கொடுப்பார். இரண்டு தரப்பும் உறையைப் பிரித்ததில்லை.

மறுநாள் அண்ணி வந்தார். நீலத்தில் பெரிய பெரிய செம்பருத்திப் பூக்கள் போட்ட கெலாவார். கையில் ஒரு பெரிய பை. வாசலில் செருப்பைக் கழற்றும் வேலையே இல்லை. நடந்த வேகத்தில் அதிலிருந்து வெளியே வந்துவிட்டார். நான் நாற்காலியில் என் கணவரின் கைலியைக் கழுத்துவரை போர்த்திக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

நான் எதிர்பார்த்ததுபோல அவர் சிரிக்கவில்லை. என் கைகளைப் பார்த்து உதட்டைக் கடித்துக்கொண்டார். பிறகு படுக்கையறைக்குள் போய் என் அலமாரியைத் திறந்தார். அடியில், ஒவ்வொரு தீபாவளியும் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கப்பட்டிருந்தது. உறைகளையெல்லாம் அள்ளிக்கொண்டு வந்து கட்டிலில் போட்டார்.

"பரவால்ல, பத்திரமாத்தான் வச்சிருக்க," என்றார்.

பச்சை நிறத்தில் ஒன்றைப் பல்லால் கிழித்துப் பிரித்தார்.

"கையத் தூக்கு."

தூக்கினேன். ஒரே இழுப்பு. துணி தலைக்குமேல் வந்தது, கண்ணை மறைத்தது, கீழே இறங்கியது. அவ்வளவுதான். நான் உடுத்திவிட்டேன். கட்டுப்போட்ட கைகள் அந்தப் பெரிய கைகளுக்குள் எதிலும் இடிக்காமல் வெளியே வந்திருந்தன. முந்தின நாள் முழுக்க நடந்த போராட்டம் இவ்வளவு சுலபமாக முடிந்துவிட்டதே என்றோ என்னவோ, எனக்கு அழுகை வந்துவிட்டது. துடைத்துக்கொள்ளக் கை இல்லை. அண்ணி கெலாவாரின் ஓரத்தை இழுத்து என் முகத்தைத் துடைத்தார்.

"அழு, அழு. துணி நெறைய இருக்கு லா."

பையிலிருந்து ஒரு ஜோடி சப்பாத்தையும் எடுத்தார். சாம்பல் நிறத்தில், வலைத்துணியில் செய்தது. கயிறு இல்லை, வார் இல்லை. காலை நுழைத்தால் தானே வாயைத் திறந்து வாங்கிக்கொண்டது. பார்க்க அசிங்கமாக இருந்தது என்பதை இப்போதும் சொல்வேன். ஆனால் மறுவாரம் மருத்துவரைப் பார்க்கப் போனபோது, யாரும் எனக்காகக் குனியவேண்டியிருக்கவில்லை. அந்த வாரத்தில் எனக்கு நடந்த நல்ல காரியம் அது ஒன்றுதான்.

இப்படியாக, வெறும் மூன்று ஓட்டைகளின் உதவியோடு நான் மனுஷியானேன். அண்ணி தினமும் காலையில் பஸ் பிடித்து வந்து, குளிக்க வைத்து, தலை வாரி, சாப்பாடு ஊட்டிவிட்டுப் போவார். உடை பற்றி நாங்கள் இருவருமே பேசவில்லை. வென்றவர் பேசாமலிருப்பது எவ்வளவு கொடுமை என்று தோற்றவர்களுக்குத்தான் தெரியும்.

அந்தச் சமயத்தில்தான் அண்ணியின் மகளுக்கு நிச்சயதார்த்தம் வந்தது. மாப்பிள்ளை வீடு சுங்கைப்பட்டாணி. மாப்பிள்ளையின் அம்மா ஓய்வுபெற்ற தலைமையாசிரியை. அண்ணி அவரை ஒரே ஒருமுறை பார்த்துவிட்டு வந்து, "நிமிந்து உக்காந்தாங்கன்னா கடைசி வரைக்கும் அசையறது இல்ல," என்று பயத்தோடு சொல்லியிருந்தார். அதனால் அன்றைக்கு மட்டும் பட்டுச்சேலை கட்டுவதென்று அவராகவே முடிவெடுத்தார்.

"நீயும் வா. ஆனா என்னா போட்டுக்கிட்டு வருவ?" என்றார்.

எனக்கு வேறென்ன இருந்தது? அரக்கு நிறத்தில், கழுத்தில் கொஞ்சம் ஜரிகை ஓடிய ஒரு கெலாவார், அண்ணியே கொடுத்தது. அதைப் போட்டுக்கொண்டு, அந்தச் சாம்பல் சப்பாத்தில் காலை நுழைத்துக்கொண்டு டத்தோ கிராமாட்டுக்குப் போனேன். வாசலில் என்னை வரவேற்ற அண்ணியைப் பார்த்துத் திகைத்துப்போனேன். மயில்கழுத்து நிறத்தில் பட்டு. தோளில் ஊக்கு, இடுப்பில் ஊக்கு, கொசுவத்தில் ஊக்கு. ரவிக்கை எப்போதோ தைத்தது. அவர் அதற்குப் பிறகும் வளர்ந்திருந்தார். மூச்சைச் சில்லறை சில்லறையாக விட்டுக்கொண்டிருந்தார்.

"அழகா இருக்கீங்க அண்ணி," என்றேன். நிஜமாகவே அழகாக இருந்தார்.

"பேசாத. சிரிப்பு வந்தா தெறிச்சிரும்."

மாப்பிள்ளை வீட்டார் வந்தார்கள். மதிய வெயிலில் வீடு கொதித்தது. வாசலில் செருப்புகள் குவிந்தன. மாப்பிள்ளையின் பெரியப்பா ஒருவர் கயிறு கட்டிய சப்பாத்தோடு வந்து, அதை அவிழ்க்கக் குனிந்து, பின்னால் வந்தவர்களையெல்லாம் வெயிலில் நிறுத்திவைத்தார். தலைமையாசிரியை ஆரஞ்சுப் பட்டில், ஒரு மடிப்புக்கூட நலுங்காமல் உள்ளே வந்து உட்கார்ந்தார். அண்ணி சொன்னதுபோலவே அசையவில்லை.

எல்லோருக்கும் ஒரு வேலை இருந்தது. தட்டு அடுக்குகிறவர்கள், தண்ணீர் கொடுக்கிறவர்கள், படம் பிடிக்கிறவர்கள். கை இல்லாததால் எனக்கு மட்டும் வேலை இல்லை. அதனால்தான், தட்டு மாற்றக் கொஞ்ச நேரம் இருக்கும்போது அண்ணி மூச்சு முட்டி, உதவிக்கு ஆள் தேடி, வீட்டிலேயே சும்மா இருந்த ஒரே ஆளான என்னைப் படுக்கையறைக்கு இழுத்துக்கொண்டு போனார்.

"கழட்டு. சீக்கிரம் கழட்டு."

"அண்ணி, என் கையப் பாருங்க."

"விரல் இருக்குல்ல? அத வச்சு செய்யி."

அவர் கையைத் தூக்கினாலே ரவிக்கை மேலும் இறுகியது, முகம் வெளுத்திருந்தது. நான் மண்டி போட்டு, இரண்டு மாவுக்கட்டுகளையும் அவர் விலாவில் ஊன்றி, விரல் நுனிகளால் கொக்கியைத் தேடினேன். துணி அவ்வளவு இறுக்கமாக இழுத்துக்கொண்டிருந்தது. மேலே ஒன்று தானாகவே தெறித்து அலமாரியில் பட்டது. அடுத்ததைக் கடைசியில் நான் பல்லால் கடித்து இழுத்துக்கொண்டிருந்தபோது கதவு திறந்தது. தாழ்ப்பாள் போட எனக்குக் கை ஏது?

தலைமையாசிரியை நின்றுகொண்டிருந்தார். கழிவறையைத் தேடி வந்திருக்கவேண்டும்.

சம்பந்தியம்மாள் சேலை பாதி அவிழ்ந்து கட்டிலில் சாய்ந்திருக்கிறார்; கை இரண்டும் கட்டுப்போட்ட ஒருத்தி அவர் நெஞ்சைக் கடித்துக்கொண்டிருக்கிறாள். இதற்கு விளக்கம் சொல்ல எந்த மொழியிலும் வார்த்தை இல்லை. அண்ணி கண்ணை மூடிக்கொண்டார். மகள் கல்யாணம் நின்றுவிட்டதென்றே முடிவு செய்துவிட்டதாகப் பின்னால் என்னிடம் சொன்னார்.

தலைமையாசிரியை உள்ளே வந்து கதவைச் சாத்தித் தாழ்ப்பாள் போட்டார்.

"தள்ளுங்க," என்றார் என்னிடம். பள்ளிக்கூடத்துக் குரல். தள்ளினேன். மீதிக் கொக்கிகளை வரிசையாகக் கழற்றினார். "மொதல்ல மூச்ச விடுங்க. நல்லா இழுத்து விடுங்க."

அண்ணி மூச்சுவிட்டார். பிறகு, "மன்னிச்சுக்குங்க சம்பந்தி," என்று அழத் தொடங்கினார்.

தலைமையாசிரியை என் கெலாவாரைப் பார்த்துக்கொண்டிருந்தார். அந்த அம்மாளுக்கு அதைப் பற்றி என்ன அபிப்பிராயம் இருக்கும் என்று எனக்கு நன்றாகத் தெரியும் என்று நினைத்தேன், ஏனென்றால் அதே அபிப்பிராயத்தை நானும் பல காலம் வைத்திருந்தேன்.

"இந்த மாதிரி இன்னொண்ணு இருக்கா?" என்று கேட்டார்.

"இவங்களுக்கா? நெறைய இருக்கு," என்றேன்.

"அவங்களுக்கு ஒண்ணு எடுங்க." கதவின் தாழ்ப்பாளை ஒருமுறை பார்த்துக்கொண்டார். "எனக்கும் ஒண்ணு. காலைல அஞ்சு மணிலேருந்து இதுக்குள்ள நிக்கிறேன். இடுப்புல ஒரு பின்னு வேற குத்திக்கிட்டே இருக்கு. அசைஞ்சா உள்ள போயிரும்னு பயந்துக்கிட்டு உக்காந்திருக்கேன்."

அவர் அசையாமல் உட்கார்ந்திருந்ததன் காரணம் அதுதான்.

அண்ணியின் அலமாரியில் நல்லதாகப் பார்த்து இரண்டை நான்தான் தேர்ந்தெடுத்தேன். அண்ணிக்கு மஞ்சள்; தலைமையாசிரியைக்குக் கறுப்பில் வெள்ளி இலைகள். நகைகளைக் கழற்றவேண்டாம் என்றேன். கழுத்தில் ஆரமும் காதில் ஜிமிக்கியுமாக மூன்று வௌவால்கள் வரிசையாகக் கூடத்துக்கு வந்தோம். அறையின் கோடியில் யாரோ ஓர் அக்கா, "இப்ப இதுதான் ஃபேஷனாம்," என்று பக்கத்திலிருந்தவரிடம் விவரம் தெரிந்தவர்போலச் சொன்னது கேட்டது. தலைமையாசிரியை தட்டின் முன்னால் சம்மணம்போட்டு வசதியாக உட்கார்ந்துகொண்டு, "ஆரம்பிக்கலாமே," என்றார். அவர் சொன்ன பிறகு யார் என்ன சொல்வது? தட்டு மாற்றினார்கள்.

கல்யாணப்பெண்தான் உச்சிமுதல் இடுப்புவரை ஊக்குகளோடு உட்கார்ந்து எங்களை முறைத்தாள்.

"அத்தை, இது அநியாயம்," என்று என் காதில் சொன்னாள்.

என் கணவர் அருகில் வந்து எங்கள் மூவரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, மெல்லக் கேட்டார். "இதுல யாருக்குக் கை ஒடஞ்சது?"

அன்று சாப்பாட்டின்போது அண்ணி இரண்டுமுறை பாயசம் வாங்கிக்கொண்டார். தலைமையாசிரியை எனக்கு ஊட்டிவிட்டார். ஒவ்வொரு வாய்க்கும், "நல்லா மென்னு முழுங்குங்க," என்றார். வாடகைக்கு எடுத்த வேனில் சுங்கைப்பட்டாணிக்குத் திரும்பும்போது அவர் சேலையைப் பையில்தான் எடுத்துப்போனார். கெலாவாரைத் துவைத்து அனுப்புவதாகச் சொன்னார். அது இன்றுவரை வரவில்லை.

இதனால் ஏதாவது மாறியது என்று சொன்னால் நீங்கள் நம்பக்கூடாது. சில மாதம் கழித்துக் கல்யாணம் நடந்தபோது, மண்டபத்தில் இரண்டு சம்பந்திகளும் பட்டுச்சேலையில் ஊக்குகளோடு நிமிர்ந்து நின்றார்கள். நான் தலைமையாசிரியையைப் பார்த்துப் புன்னகைத்தேன்.

"அது வேற, இது வேற," என்றார், நான் எதுவும் கேட்காமலே. நிச்சயதார்த்தப் படங்களில் நாங்கள் மூவரும் இருக்கும் எதுவும் ஆல்பத்தில் இல்லை என்று பிறகு கண்டுபிடித்தேன். இரண்டு வீட்டு ஆல்பத்திலும் இல்லை. அண்ணி மட்டும் ஒன்றைத் தன் போனில் வைத்திருக்கிறார், யாருக்கும் காட்டுவதில்லை.

அதற்குள் என் கட்டையும் பிரித்திருந்தார்கள். கைகள் மெலிந்து, வேறு யாருடையதோ போல இருந்தன. பயிற்சிக்குப் போய் வந்தேன். மெல்ல மெல்லப் பொத்தான் போட வந்தது, பிறகு நாடா, பிறகு கொக்கி. எல்லாவற்றுக்கும் கடைசியாக முதுகு ஸிப். வேலைக்குத் திரும்பிய நாளில் நானே எல்லாவற்றையும் மாட்டி, இழுத்து, முடிந்து, ஊக்குக் குத்திக்கொண்டு அலுவலகம் போனேன். எல்லோரும் பழைய ஆளைப் பார்ப்பதுபோலவே இருக்கிறது என்றார்கள். அன்று முழுக்க எனக்கு மூச்சு முட்டியது.

இப்போது வீட்டில் கெலாவார்தான். ஆனால் எனக்கென்று ஓர் எல்லை உண்டு, வாசற்படி. அதைத் தாண்டி அந்த உடையில் போவதில்லை என்று முடிவாக இருந்தேன். குப்பை போட லிஃப்ட் வரை போவது மட்டும் அதில் சேராது. பிறகு, கீழே தபால் பெட்டியும் கட்டடத்துக்கு உள்ளேதானே இருக்கிறது என்று தோன்றியது. கட்டடத்தின் அடியிலிருக்கும் கோப்பிக் கடைக்குக் கூரை ஒன்றுதான். கூரை ஒன்று என்றால் வீடு ஒன்றுதானே?

போன ஞாயிற்றுக்கிழமை ஜெலுத்தோங் பாசாரில் மீன்கடை முன்னால் நின்று கெம்போங் மீன் பொறுக்கிக்கொண்டிருந்தேன். பச்சைக் கெலாவார், சாம்பல் சப்பாத்து. பின்னால் ஒரு குரல். எங்கள் அலுவலகத்தில் கணக்குப் பிரிவில் இருக்கும் பெண். சேலை கட்டி, கோவிலுக்குப் போய்விட்டு வருகிறாள். என்னைத் தலையிலிருந்து கால்வரை பார்த்துவிட்டு, கவலையோடு என் தோளைத் தொட்டாள்.

"என்னாக்கா, ஒடம்பு சரியில்லையா?"

"ஆமாம்மா," என்றேன். "ரெண்டு நாளாவே முடியல."

அவள் என் மீன் பையை வாங்கிக்கொண்டு, என்னை மெல்லக் கைத்தாங்கலாகப் பஸ் நிற்கும் இடம்வரை கொண்டுவந்து விட்டாள்.